இரும்புத் தடி சாமி முன்னால் சத்தியம்

கேள்வி: கம்போடியாவில் ஐ.நா. துணையோடு 16 ஆண்டுகள் நடந்த நீதிமன்றம் மூன்றே மூன்று கிழவர்களைத் தண்டித்தது. செலவு 33 கோடி டாலருக்கு மேல். இதற்குப் பெயர் நீதியா? மானுடவியல்காரர்கள் வேறு ‘உள்ளூர் மக்களின் அனுபவத்தைப் பாருங்கள்’ என்கிறார்கள். சப்பைக்கட்டுதானே?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: கணக்கு சரி. தலைக்குப் பதினோரு கோடி என்று வகுத்தும் பார்த்திருப்பீர்கள். ஆனால் உள்ளூர் அனுபவத்தை விசாரிப்பது நீதிமன்றத்துக்கு வக்காலத்து வாங்குவது என்று யார் சொன்னது? விசாரித்தால் சங்கடம் அதற்குத்தான்.

போல் பாட்டின் கம்யூனிஸ்ட் கட்சியான கெமர் ரூஜின் 1975-79 ஆட்சியில் மாண்டவர்கள் சுமார் 17 லட்சம்; அந்தக் குற்றங்களுக்குத்தான் இந்த நீதிமன்றம். பெரும்பாலோர் நாட்டின் பெரும்பான்மை இனமான கெமர்கள், கொன்றவர்களும் கெமர்கள். 2018 தீர்ப்பில் ‘இனப்படுகொலை’ என்ற சொல் சாம் முஸ்லிம்களுக்கும் வியட்நாமியருக்கும் நடந்ததற்கு மட்டுமே. ஓர் இனத்தையோ மதக் குழுவையோ அழிக்கும் நோக்கம் இருந்தால்தான் சட்டப்படி அது இனப்படுகொலை; மற்ற சாவுகள் அந்த வரையறைக்குள் வரவில்லை. அவை மானுடத்துக்கு எதிரான குற்றங்கள். அப்பாவைப் பறிகொடுத்த ஒரு கெமர்க் கிழவிக்கு வக்கீல் இதை விளக்குவதை நினைத்துப் பாருங்கள். அப்பாவை இழுத்துப்போன ஆள் இரண்டு தெரு தள்ளியே குடியிருக்கலாம். அவனைக் கூண்டில் ஏற்ற முடியாது; நீதிமன்றத்தின் வரம்பு மேல்மட்டத் தலைவர்களோடும் முதன்மைப் பொறுப்பாளிகளோடும் முடிந்துவிட்டது. புதிய வழக்குகளுக்கு அப்போதைய பிரதமர் ஹுன் சென்னின் அரசு முட்டுக்கட்டை போட்டது. அவரே முன்னாள் கெமர் ரூஜ் படை அதிகாரி என்பது கொசுறு.

அதற்காக, ‘அவர்கள் பௌத்தர்கள், கர்மா பார்த்துக்கொள்ளும், கோர்ட் எதற்கு?’ என்று கதை விடும் மேதாவிகளையும் நான் நம்பத் தயாரில்லை. இரண்டாம் வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் 3,800 பேருக்கு மேல் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு காசுகூட நஷ்டஈடு கிடையாது என்பது விதியிலேயே இருந்தும்! நீதிமன்றமும் ஊர் வழக்கத்துக்குக் கொஞ்சம் இறங்கி வந்தது. வளாகத்தில் இரும்புத் தடி ஏந்திய காவல் தெய்வத்துக்குச் சிலை வைத்து, அதன் முன்னால் சாட்சிகளைச் சத்தியம் செய்யவைத்தது. கருப்பசாமி முன்னால் பொய் சொல்லத் துணியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கெமர் ரூஜ் ஆட்சியில் நாட்டின் தலைவராக இருந்த கியூ சாம்பானின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்த கடைசித் தீர்ப்பு 2022 செப்டம்பர் 22-ல் வந்தது. அப்போது அங்கே பிச்சும் பென் காலம். நம் மகாளய பட்சத்தின் அதே நாட்கள். ‘பென்’ என்றால் பிண்டம்தான். பொழுது விடியுமுன் விகாரையைச் சுற்றிவந்து, போக்கிடமில்லாத ஆவிகளுக்காகச் சோற்று உருண்டைகளை இருட்டில் எறிவார்கள். எங்கே செத்தார் என்றே தெரியாத அப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு.

தீர்ப்புக்கு மறுநாள் விடியற்காலையிலும் எறிந்தார்கள்.