கடல் தெரிந்தவருக்கே கடல் கேள்வி தப்பாவது ஏன்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அதனால் கடல் இரைச்சல், திமிங்கிலம் என்று பத்தி வந்தால் தைரியமாக எடுக்கிறேன். ஆனால் ஐந்து இன்ஃபரன்ஸ் (பத்தியை வைத்து ஊகிக்கும்) கேள்விகளில் இரண்டுதான் சரியாகிறது. மற்ற பத்திகளில் நான்கு வந்துவிடும். எங்கே பிசகுகிறேன்?" பயிற்சித் தாளில் இருந்த பத்தியையும், தான் குறித்த விடைகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பத்தியின் சுருக்கம் இது:

"(1) கடல்நீரில் ஒலி, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. (2) பெரிய கப்பல்களின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. (3) பலீன் திமிங்கிலங்கள் ஒன்றையொன்று அழைப்பதும் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான். (4) 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்திய நாட்களில் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்து, நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. (5) அதே நாட்களில் அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன் அளவு குறைந்திருந்தது."

ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்தில் ஒரு விடை: நிச்சயம் உண்மை, உண்மையாக இருக்கலாம், தகவல் போதாது, பொய்யாக இருக்கலாம், நிச்சயம் பொய்.

மற்ற பத்திகளில் நான்கு, கடல் பத்தியில் இரண்டு என்ற கணக்கே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தெரியாத விஷயம் என்றால் நீங்கள் பத்தியைப் பிடித்துக்கொள்கிறீர்கள். தெரிந்த விஷயம் என்றால் பத்தியை விட்டுவிட்டுக் காசிமேட்டிலிருந்து பதில் சொல்கிறீர்கள். தப்பான மூன்றையும் பார்ப்போம்.

முதல் தப்பு: "மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னைக் கடலில் இரைச்சல் குறைகிறது." நிச்சயம் உண்மை என்று குறித்திருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடப்பதை வருஷா வருஷம் பார்க்கிறவர் வேறு எதைக் குறிப்பார்? ஆனால் பத்தியில் தடைக்காலமும் இல்லை, சென்னையும் இல்லை, விசைப்படகும் இல்லை. விடை: தகவல் போதாது. வெளி அறிவை வைத்துப் பார்த்தாலும் இதை நிச்சயம் என்று சொல்ல முடியாது. விசைப்படகுகள் நின்றாலும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குச் சரக்குக் கப்பல் வருவது நிற்பதில்லை. தேர்வறையில் இந்த வாதத்துக்கே போக வேண்டாம். பத்தியில் ஆள் இல்லையென்றால் கூற்றுக்குச் சாட்சி இல்லை.

இரண்டாவது: "கப்பல் இரைச்சல் குறைந்ததால்தான் திமிங்கிலங்களின் மன அழுத்தம் குறைந்தது." இதற்கும் நிச்சயம் உண்மை போட்டிருக்கிறீர்கள். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நான்காம் வாக்கியமும் ஐந்தாம் வாக்கியமும் இரண்டு நிகழ்வுகள் ஒரே நாட்களில் நடந்ததைச் சொல்கின்றன. ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று எங்கும் சொல்லவில்லை. அந்த நாட்களில் இரை அதிகம் கிடைத்திருக்கலாம், பருவம் மாறியிருக்கலாம். ஆகவே 'உண்மையாக இருக்கலாம்' வரைதான் போக முடியும். இப்போது பத்தியில் ஆறாவதாக ஒரு வாக்கியம் சேருங்கள்: "அடுத்த நான்கு ஆண்டுகளிலும் அதே செப்டம்பரில் அளந்தபோது ஹார்மோன் அப்படிக் குறையவில்லை." நான்காம், ஐந்தாம் வாக்கியங்களுக்கு அடிப்படையான ஆய்வு உண்மையிலேயே இப்படி ஒப்பிட்டுப் பார்த்தது. இந்த ஒரு வரி, பருவம் என்ற மாற்றுக் காரணத்தை அடைத்துவிடுகிறது. கூற்றின் பலம் கூடுகிறது. ஆனாலும் கூற்றில் 'குறைந்ததால்தான்' என்ற சொல்லில் உள்ள 'தான்', வேறு எந்தக் காரணமும் இல்லை என்று சத்தியம் செய்கிறது. அந்தச் சத்தியத்தைப் பத்தி செய்யாதவரை 'நிச்சயம்' பக்கம் போகாதீர்கள்.

காரணக் கூற்று வந்தால் மனதில் கேட்க வேண்டியது: அதே நேரத்தில் வேறு என்ன மாறியிருக்கலாம்? நம் கரையிலேயே உதாரணம் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. துறைமுகங்கள் பக்கத்தில் இருக்கின்றன, கப்பல் இரைச்சலும் இருக்கிறது. அதற்காக இரைச்சல்தான் கொன்றது என்று எழுதினால் தப்பு. ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டிய பிராணி. இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். பக்கத்தில் இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு.

மூன்றாவது: "கடல்வாழ் உயிரினங்கள் எல்லாம் கப்பல் இரைச்சலால் பாதிக்கப்படுகின்றன." பத்தி பேசுவது பலீன் திமிங்கிலங்களைப் பற்றி மட்டும் (ரைட் திமிங்கிலமும் அதில் ஒரு வகை). ஓங்கில் இல்லை, மீன் இல்லை, இறால் இல்லை. தகவல் போதாது. எல்லாம், மட்டுமே, எப்போதும், ஒருபோதும் என்ற சொல் கூற்றில் இருந்தால் பென்சிலால் வட்டம் போடுங்கள். பத்தி ஆங்கிலத்தில் வந்தால் ஆல், ஒன்லி, நெவர், மஸ்ட். வட்டமிட்ட சொல்லின் அளவுக்குப் பத்தியில் ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரியாகக் குறித்த இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "கப்பல் இரைச்சல் பலீன் திமிங்கிலங்களின் அழைப்பை அமுக்கக் கூடும்" என்பதற்கு 'உண்மையாக இருக்கலாம்' போட்டது நல்ல விடை. இரண்டையும் மூன்றையும் சேர்த்தால் அதிர்வெண் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. அமுக்குகிறது என்று பத்தி சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கம் சாய்கிறது. கடல் பத்திகளில் இந்த நடுப்படிதான் பலருக்கும் பிடிபடாதது, உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது. மற்றது, "காற்றில் ஒலி கடல்நீரைவிட மெதுவாகப் போகிறது". முதல் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டதுதான், நிச்சயம் உண்மை.

இந்தத் தலைப்பில் தனியாக ஒரு குழி உண்டு: டெசிபல். பயிற்சித் தாள்களில் இப்படி வரும்: "கடலில் 120 டெசிபல் பதிவானது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55. எனவே கடல் இரண்டு மடங்குக்கு மேல் இரைச்சலானது." இதில் இரண்டு பிழைகள். டெசிபல் மடக்கை அளவு, அதாவது எண்ணுக்கு நேர் விகிதமாக இரைச்சல் ஏறுவதில்லை. 6 டெசிபல் இறங்கினால் ஒலி அழுத்தம் பாதியாகிறது, 6 சதவீதம் குறைவதில்லை. அதேபோல் 110 டெசிபல் என்பது 55 டெசிபலைப்போல் இரண்டு மடங்கு இரைச்சலும் இல்லை. அடுத்தது, நீருக்கும் காற்றுக்கும் அளவுகோலின் தொடக்கப் புள்ளி வேறு: நீரில் 1 மைக்ரோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), காற்றில் 20. இதனாலேயே 26 டெசிபல் தள்ளிப்போகிறது. நீரின் அடர்த்தியும் ஒலிவேகமும் அதிகம் என்பதால், செறிவை ஒப்பிட இன்னும் சுமார் 36 கழிக்க வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 62. கடலின் அந்த 120, காற்றில் ஏறக்குறைய 58தான்.

வெளி அறிவைத் தொடாதே என்று சொல்லிவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பத்தியில் உள்ள சொல்லுக்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். பத்தியில் இல்லாத செய்தியைச் சேர்ப்பதற்குத்தான் தடை. இரண்டு டெசிபல் எண்களும் ஒரே அளவுகோல் என்று பத்தி சொல்லாதவரை, அவற்றை ஒப்பிடும் கூற்றுக்கு 'நிச்சயம் உண்மை' கிடையாது.

பயிற்சிக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எந்த வாக்கியத்திலிருந்து எடுத்தீர்களோ அந்த எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியவில்லை என்றால் 'தகவல் போதாது'. தப்பானவற்றுக்கு எதிரே ஒரு எழுத்து: வெளி அறிவு என்றால் வெ, அளவுச்சொல் என்றால் அ, காரணப் பிழை என்றால் கா. பத்துப் பத்தி போட்டபின் எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு 'வெ'தான் அதிகம் இருக்கும், அதுவும் கடல், மீன், துறைமுகம் பற்றிய பத்திகளில்.

வங்கித் தேர்வில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், சராசரியில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஆனால் இரண்டு 'நிச்சய' விடைகளையும் உறுதியாக அடித்துவிட முடிந்தால், மிச்சம் மூன்றில் ஒன்றைக் குறிப்பது லாபம்; அந்தக் கேள்வியை விடாதீர்கள்.