இந்தோனேசியா: டிவியிலிருந்து யூடியூபுக்கு (கேள்வி பதில்)

கே: அங்கே டிவி எப்போது செத்தது?

சாகவில்லை. வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி அரசின் டிவிஆர்ஐ சேனல் வந்தது. 1989-இல் முதல் தனியார் சேனலான ஆர்சிடிஐ வரும்வரை அது ஒன்றே கதி. தனியார் சேனல்கள் வந்ததும் 'சினெட்ரான்' பெருகியது; நம்ம ஊர் மெகா சீரியலுக்குப் பங்காளி. தினமும் அவசர அவசரமாக எடுத்துத் தள்ளுவதை 'கெஜார் தாயாங்' என்பார்கள், ஒளிபரப்பைத் துரத்துவது என்று பொருள். கஞ்சிக்காரர் ஒருவர் ஹஜ் போகும் கதை 2012-இல் தொடங்கி 2017 வரை 2,000 எபிசோடுகளைத் தாண்டியது. கஞ்சிக்காரராக நடித்தவர் விலகிய பிறகும் கஞ்சி கொதித்துக்கொண்டுதான் இருந்தது! இளசுகள் செல்போனைப் பார்த்ததில் என்ன ஆச்சரியம்?

கே: முதலில் வைரலானது எது?

2010-இல் இரண்டு பெண்கள் 'கெயோங் ராசுன்' பாட்டுக்கு வாயசைத்தார்கள். அடுத்த வருஷம் கொரோந்தாலோ மாகாணத்துப் போலீஸ்காரர் நோர்மன் கமாரு, சீருடையில் உட்கார்ந்தபடியே 'சைய்ய சைய்யா'வுக்கு வாயசைத்தார். உடனே டிவி நிகழ்ச்சிகள் அவரைக் கூப்பிட்டன. அப்போது யூடியூப் வெறும் திண்ணை, டிவிதான் கூடம்.

கே: அது நம்ம 'தைய தையா' ஆச்சே?

மெட்டு ரஹ்மானுடையது. அவர் வாயசைத்தது இந்திப் பாட்டுக்கு.

கே: தமிழ்தானே ஒரிஜினல்?

இல்லை. 'தில் சே' இந்திப் படம், 'உயிரே' அதன் டப்பிங்.

கே: எடுத்தவர் மணிரத்னம். அப்புறம் எப்படி...

சரி, ஜெயித்துவிட்டீர்கள். ஜகார்த்தாவுக்குத் திரும்பலாமா?

கே: யாருக்கு எத்தனை சப்ஸ்கிரைபர்?

கூகுளைக் கேளுங்கள். இன்று நான் சொல்லும் எண் நாளைக்குப் பழசு.

கே: டிவிக்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்?

இது நல்ல கேள்வி. 2020-இல் ஆர்சிடிஐயும் ஐநியூஸ் சேனலும் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயின: ஒளிபரப்புச் சட்டம் இணைய ஒளிபரப்புக்கும் பொருந்த வேண்டுமாம். அவர்கள் எரிச்சலும் நியாயம்தான். டிவிக்கும் ரேடியோவுக்கும் மட்டும் கேபிஐ என்ற கண்காணிப்பு ஆணையம் உண்டு. கார்ட்டூன் அணில் போட்ட நீச்சலுடையைக்கூட மங்கலாக்கிக் காட்டும் அளவுக்குச் சேனல்கள் பயந்து கிடந்தன. 2021 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி. ஏப்ரலில் யூடியூபர் அத்தா ஹலிலிந்தாருக்குக் கல்யாணம், அப்போதைய ஜனாதிபதி ஜோக்கோவியே சாட்சி. நேரலையில் காட்டியது யார்? அதே ஆர்சிடிஐ!

கே: அப்போ டிவி செத்தது என்று...

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: டிவி நட்சத்திரங்கள் என்ன ஆனார்கள்?

ராஃபி அகமதைப் பாருங்கள். 2014-இல் அவர் கல்யாணம் டிவியில் ஓடியது. பிறகு மனைவியோடு 'ரான்ஸ்' என்று சொந்த யூடியூப் சேனல். வீட்டு விசேஷத்தைக் காட்ட இனி யார் தயவும் வேண்டாம்.

கே: டிவி செத்ததால்தானே 'விடியோ' என்ற ஸ்ட்ரீமிங் ஆப் வளர்ந்தது?

மறுபடியுமா! அந்த ஆப்பின் முதலாளி எம்டெக் என்ற நிறுவனம். எஸ்சிடிவி, இந்தோசியார் சேனல்களும் அவர்களுடையவைதான்.