பஸ்ஸுக்கும் அடுப்புக்கும் போன நேரம்

கடிதம்:

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. திட்டமிடல் டயறி ஒன்று வாங்கி, காலை 4.30 முதல் இரவு 11 வரை பாடங்களை நிரப்பினேன். இரண்டாம் கிழமையே எல்லாம் குழம்பிவிட்டது. கிழமையில் மூன்று நாள் மட்டக்களப்பில் வகுப்பு. வீடு வர ஏழு மணி. அம்மா வேலை முடிந்து வரப் பிந்தும். சமையலும் தரம் 8 படிக்கும் தம்பியின் பாடமும் என் பொறுப்பு. என்னிடம் ஒழுங்கு இல்லையா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஒழுங்கில்லாத பிள்ளை இத்தனையையும் சுமக்காது. வகுப்பு முடிந்து கல்முனை பஸ்ஸில் ஏறி, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று வரும் நேரத்துக்கு உங்கள் டயறியில் இடமே இல்லை. அடுப்புக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. இவற்றையெல்லாம் படிக்கும் நேரமாக எண்ணிவிட்டீர்கள்.

அடுத்த கிழமை எதையும் திட்டமிட வேண்டாம். அன்றன்று நடந்ததை மட்டும் இரவில் எழுதுங்கள். பிறகு பள்ளிக்கூடம், பஸ், சமையல், தூக்கம் எல்லாவற்றையும் முதலில் கறுப்பு மையால் அடையுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நாட்களையும் இப்போதே அடைத்துவிடுங்கள். வகுப்பு நாளில் மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலமாக இருந்தால், உங்களுடைய நேரம் அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்கு எதிரே 'இரசாயனவியல்' என்று எழுதாதீர்கள். அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. 'கடந்தகால வினாத்தாள், பல்தேர்வு முதல் 25' என்று எழுதுங்கள். பரீட்சையில் 50 கேள்விக்கு 2 மணித்தியாலம். ஆகவே 25 கேள்விக்கு ஒன்று. பிழைத்த கேள்விகளைக் குறிப்புக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மணித்தியாலம் போகும். அதைத் தனி வேலையாக மறுநாளில் போடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுவது இதைத்தான். புள்ளி கூடுவதும் இதில்தான்.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணிப்பதில் எல்லோரும் தவறுகிறார்கள். உளவியலாளர் றொஜர் பியூலரும் கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். எடுத்தது 55 நாளுக்கு மேல். எல்லாம் பிழைத்துப்போனாலும் 49 நாளுக்குள் முடியும் என்ற கணிப்புகூடப் போதவில்லை. ஆகவே ஞாயிறு பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள். கிழமையில் தவறியது அங்கே வரட்டும். மாரி மழையில் வகுப்பு நின்றாலும் அந்த இடம் கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் எந்த டயறியும் தீர்க்காது. கறுப்பு மை நிரம்பிய அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டுங்கள். உங்கள் நாள் எங்கே போகிறது என்பதை அவர் முழுதாகக் கண்டிருக்கமாட்டார். தரம் 8 படிக்கும் பையன் அரிசி களைந்து உலை வைக்கலாம், தேங்காய் துருவலாம். வகுப்பு இருக்கும் மூன்று நாளும் அந்த வேலையை அவனிடம் விடுங்கள்.

அன்புடன்,
அக்கா