பூங்காவில் பாட்டு, மண்டபத்தில் கூத்து: வாசகர் கேள்விகள்

பிரதேச சபைப் பூங்காக்களிலும் சனசமூக நிலையங்களிலும் நடக்கும் கலை வகுப்புகள் பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

எங்கள் ஊரில் சபையின் சிறுவர் பூங்காவோடு ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. பின்னேரங்களில் பூட்டியே கிடக்கிறது. அங்கே சங்கீத வகுப்புத் தொடங்க விரும்புகிறோம். பிரதேச செயலகத்தில் கேட்டால் சபைக்குப் போகச் சொல்கிறார்கள்.
— வாசகி, பரந்தன்

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பூங்கா, பொது மண்டபம், நூலகம் எல்லாம் பிரதேச சபையின் பொறுப்பு. பிரதேச செயலகம் வேறு நிர்வாகம். ஆனாலும் அங்கேயுள்ள கலாசார உத்தியோகத்தரைச் சந்திக்காமல் வந்துவிடாதீர்கள். உங்கள் பிரிவில் யார் பாட்டுப் பழக்குகிறார்கள், யாரிடம் மிருதங்கம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

சபைக்குக் கொடுக்கும் கடிதம் தனியாள் பெயரில் போனால் இழுபடும். சனசமூக நிலையத்தின் பெயரில், கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தின் பிரதியோடு கொடுங்கள். ஒரு பக்கம் போதும். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பிள்ளைகள், பழக்குபவரின் தகைமை, காசு வாங்குவதா இல்லையா என்று எழுதிவிட்டு, எல்லோரும் மறந்துபோகும் மூன்று விடயங்களையும் சேருங்கள்: திறப்பு யாரிடம் இருக்கும், மின்கட்டணம் யார் கட்டுவது, கூட்டித் துடைப்பது யார். பெரும்பாலான வகுப்புகளில் பிற்பாடு மனஸ்தாபம் வருவது இந்த மூன்றில்தான். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். கையளிக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். சைக்கிளில் காட்டுப் பாதையால் போகிற பிள்ளைகள் இருந்தால் ஐந்தேகாலுக்கு மேல் வகுப்பை நீட்டாதீர்கள். ரியூசன் இல்லாத நாள் எது என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டுக் கிழமையைத் தெரிவுசெய்யுங்கள். வாத்தியாரின் வசதிக்கு மட்டும் நாள் குறித்தால் வகுப்பு மூன்றாம் மாதத்தில் மெலிந்துவிடும்.

6 வயது முதல் 15 வயது வரை 30 பிள்ளைகள் பாட்டு வகுப்புக்கு வருகிறார்கள். ஆர்மோனியம் வாசித்தால் சேர்ந்து பாடுகிறார்கள். நிறுத்தினால் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். என்ன செய்யலாம்?
— தொண்டர் ஆசிரியை, கிளிநொச்சி

ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்தையும் வாசித்துக் காட்டுவதுதான் வினை. பிள்ளை கட்டையைத் துரத்திக்கொண்டு பாடுகிறது, சுருதியைக் கேட்கப் பழகவில்லை. பெட்டியில் ச–ப–ச மட்டும் பிடித்து வையுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஐந்து கட்டை பொதுவாகப் பொருந்தும். ஐந்தாவது வெள்ளைக் கட்டைதான் ச. கைபேசியில் தம்புரா வைப்பவர்கள் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் கொழுவ வேண்டும். கைபேசியின் சொந்த ஒலியில் கீழ்ச் சுரங்கள் கேட்காது, 30 குரல் எழும்பினால் மேலதும் கேட்காது.

முதல் பத்து நிமிடம் ச மட்டும். மூச்சு முடியும்வரை 'ஆ' என்று பிடிக்கட்டும், பிறகு ப, பிறகு மேல் ச. அதற்குப் பிறகே சரளி, அதாவது தொடக்கச் சுரவரிசைகள்.

தொடக்கப் பாடம் பழக்கும் மாயாமாளவகௌளை இராகத்தில் பிள்ளைகள் பிழைவிடும் இடம் எப்போதும் ஒன்றுதான். ரி ச-வோடு ஒட்டி நிற்கவேண்டும், க அங்கிருந்து நன்றாக எட்டி மேலே நிற்கவேண்டும். பிள்ளை ரியைத் தூக்கும், கவை இறக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள பெரிய இடைவெளி சுருங்கிப்போகும். த, நி இரண்டிலும் இதே கதை. முழு வரிசையையும் பத்துத் தரம் பாடவைத்து இதைத் திருத்த முடியாது. 'ச ரி ச' மட்டும், பிறகு 'ச ரி க ரி ச' மட்டும், முதற் காலத்தில் (மூன்று வேகங்களில் மெதுவானதில்) நிறுத்தி நிறுத்திப் பாடுங்கள். சரி வந்தபின் மேலே போகலாம்.

முதற் காலத்தை எந்த வேகத்தில் எடுப்பது என்பதை மூன்றாம் காலத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். தாளத்தின் ஒரு தட்டு ஒரு விநாடி என்றால் மூன்றாம் காலத்தில் விநாடிக்கு நான்கு சுரம் விழும். அதற்கு மேல் தொடக்கப் பிள்ளைகளால் தெளிவாகச் சொல்ல இயலாது, சுரங்கள் கரைந்துவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பாட்டின் நடுவில் சுருதியை நிறுத்துங்கள், முடிவுவரை பாடட்டும், மேல் ச-வில் நிற்கும்போது பெட்டியைத் திறவுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறார்கள் என்பது பிள்ளைகளின் காதுக்கே தெரிந்துவிடும்.

30 பேரை ஒன்றாக வைக்கவே வேண்டாம். ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அரைமணி நேரம் தனியாக. 13, 14 வயதில் குரல் உடைகிற ஆண்பிள்ளைகளை ஐந்து கட்டையில் கத்தவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தாளம் போடவும், சுரம் எழுதவும், இரண்டு கட்டையளவில் மெதுவாகப் பாடவும் வையுங்கள். குரல் நிலைத்தபின் அவர்களே திரும்பி வருவார்கள்.

பிள்ளை ஒரு வருடமாக வகுப்புக்குப் போகிறாள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு அனுப்பலாமா?
— தந்தை, ஒட்டுசுட்டான்

சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகள் மூன்றும் மூன்று காலத்திலும் தாளம் பிசகாமல் வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் ஒரு வருடம் பொறுத்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது. பாடசாலையில் சங்கீதம் எடுக்கும் பிள்ளைக்கு இந்த வகுப்பு கைகொடுக்கும், ஆனால் பாடத்திட்டத்தில் உள்ள எழுத்துப் பகுதிக்குப் பாடசாலை ஆசிரியரைத்தான் நம்பவேண்டும்.

மாரி தொடங்கினால் எங்கள் மிருதங்கம் சத்தம் செத்துவிடுகிறது. நெருப்பில் காட்டலாம் என்கிறார்கள். சரியா?
— சனசமூக நிலையப் பொருளாளர், மாங்குளம்

நெருப்பில் காட்டாதீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்குகிறது. அடுப்படியில் வைத்தால் தோல் சட்டென்று இறுகி, நடுவிலுள்ள கறுப்புக் கரணை வெடிக்கும். வெடித்த கரணையை ஒட்டவைக்க முடியாது, வலந்தலையை (வலப்பக்கத் தோலை) மூட்டோடு, அதாவது விளிம்பைச் சுற்றிய தோற்பின்னலோடு, மாற்றவேண்டிவரலாம்.

வலந்தலையில் மூட்டைச் சுற்றி, வார் நுழையும் 16 கண் உண்டு. ஒவ்வொரு கண்ணுக்கும் நேரே விளிம்பில் மெதுவாகத் தட்டி, எதிரெதிர்க் கண்கள் ஒரே சுரத்தில் பேசுகின்றனவா என்று கேளுங்கள். இறங்கிய இடத்தில் மூட்டின் மேல்விளிம்பில் மரக்கட்டையை வைத்துக் கல்லால் உடல் பக்கமாகத் தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் பலமாக அடிக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் மூட்டுச் சரிந்துவிடும், பிறகு எந்தக் கண்ணும் சேராது.

இடந்தலைக்கு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ரொட்டிமாப் பதத்துக்குச் சற்று இளக்கமாக, தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நடுவில் அப்புங்கள். கனதி கூடினால் சத்தம் கீழே போகும், குறைந்தால் தகரம் தட்டியது போலாகும். வகுப்பு முடிந்ததும் சுரண்டி எடுத்துத் துடைப்பது கட்டாயம். எங்கள் பக்கத்து மண்டபங்களில் மிருதங்கத்தை அழிப்பது மழையைவிட எலிதான். காய்ந்த ரவை ஒட்டியிருந்தால் தோலோடு சேர்த்துத் தின்னும்.

பொலித்தீன் உறை வேண்டாம், உள்ளே வேர்க்கும். பருத்தித் துணிப்பையில் போட்டுப் பலகைமேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான். ஆர்மோனியத்தையும் இப்படியே உயரத்தில் வையுங்கள், அதன் துருத்தித் தோலுக்கும் எலி வரும்.

எட்டு வயது மகனுக்கு முழு அளவு வயலின் வாங்கிவிட்டேன், வளர்ந்தபின் பாவிக்கலாம் என்று. கை எட்டவில்லை. இன்னொன்று: ஆடி மாதத்தில் முறுக்காணி நிற்கவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், வவுனியா

முழு அளவை எடுத்து வையுங்கள். எட்டு வயதுக்கு அரை அளவு, பத்து வயதளவில் முக்கால், 12 வயதளவில்தான் முழு அளவு. கை எட்டாமல் பழகினால் விரல்கள் சாய்ந்து விழப் பழகிவிடும், அதை மாற்றுவது புதிதாகப் பழக்குவதைவிடக் கஷ்டம்.

வறண்ட காற்றில் மரம் சுருங்குவதால் ஆணி நழுவுகிறது. மாரியில் அதே ஆணி இறுகிக்கொள்ளும். நழுவும் ஆணியைக் கழற்றி, அது மரத்தில் தொடும் இரண்டு இடங்களிலும் வெண்கட்டித் தூளைத் தடவி, உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புங்கள். இறுகினால் காய்ந்த சவர்க்காரத்தை இலேசாகப் பூசலாம். நான்கு தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். அழுத்தம் போனால் உள்ளே நிற்கும் சிறு தண்டு விழுந்துவிடும். அது ஒட்டி வைத்ததல்ல, தந்தி இழுவையில் நிற்பது. வெயிலில் நிற்கும் வானுக்குள் வயலினை விட்டால் ஒட்டு விடும்.

சபை மண்டபத்தில் பரதநாட்டிய வகுப்பு. தரை முழுக்க மாபிள். பிள்ளைகள் முழங்கால் நோ என்கிறார்கள்.
— தாய், புதுக்குடியிருப்பு

இரண்டு காரணம் இருக்கலாம். முதலில் அரைமண்டியை, அதாவது முழங்காலை மடித்துப் பாதி இருக்கும் நிலையைப் பாருங்கள். முழங்கால் கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே மடியவேண்டும். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிட்டு முழங்கால் முன்னே விழுந்தால் சாணகம் மெழுகிய தரையில்கூட நோகும். பாதம் திரும்பும் அளவை இடுப்பு திரும்பும் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள். அரைமண்டி ஆழமும் பிறகு தானாக வரும்.

அடுத்தது தரை. மாபிளும் சீமெந்தும் அடியை உள்வாங்காது, வேர்வை பட்டால் மாபிள் வழுக்கும். பாய் விரித்தால் அது நகரும், கம்பளத்தில் பாதம் திருகும், இரண்டும் ஆபத்து. சபையோ புலம்பெயர்ந்த உறவுகளோ உதவினால் ஒரு பலகைத்தளம் செய்யலாம்: இரண்டு அங்குலச் சதுரச் சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக அடுக்கி, கீழே பழைய ரயர் இறப்பர்த் துண்டுகள், மேலே 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. எட்டுக்கு நான்கு அடிப் பலகை மூன்று போட்டால் 12 அடிக்கு எட்டடி. ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகள் அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) செய்யலாம். திருகாணித் தலைகள் பலகைக்குள் இறங்கியிருக்கவேண்டும், வெறுங்கால் என்பதை மறக்கவேண்டாம்.

அதுவரை தட்டடவை 15 நிமிடத்தோடு நிறுத்தி, மற்ற நேரத்தில் அபிநயம், கைமுத்திரை, சொற்கட்டு என்று கொண்டுபோங்கள். அடவு படியாத பிள்ளைக்குச் சலங்கை கட்டிவிடுவதும் வேண்டாம். சத்தத்துக்காகவே ஓங்கி மிதிப்பார்கள்.

எங்கள் ஊரில் கோவலன் கூத்து ஆடியவர்களில் இன்னும் சில பேரே பழக்கக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். சபை மண்டபத்தில் இளையோருக்கு வகுப்பு வைக்கலாமா?
— இளைஞர் கழகம், முள்ளியவளை

வையுங்கள், ஆனால் வகுப்புக்கு முன்னமே பதிவு. அண்ணாவியாரின் (கூத்துப் பழக்குபவரின்) கொப்பியைப் பக்கம் பக்கமாக, நேர்மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பாட்டைப் பதியும்போது கைபேசியை அழைப்பு வராதபடி வைத்து, பாடுபவரிடமிருந்து மூன்றடி தள்ளி நிறுத்துங்கள். ஒவ்வொரு தருவையும் (கூத்துப் பாட்டையும்) மூன்று தரம்: மத்தளமும் தாளமும் இல்லாமல் பாட்டு மட்டும், மத்தளம் மட்டும், பிறகு எல்லாம் சேர்த்து. எல்லாம் சேர்த்த பதிவை மட்டும் வைத்திருந்தால் மத்தளச் சத்தத்தில் சொற்கள் புதைந்துபோகும், பிறகு பாடம் கேட்க ஆளும் இருக்காது. பாடியவர் பெயர், எந்தப் பாத்திரம், கதையில் எந்த இடம் என்பதைப் பதிவின் தொடக்கத்தில் வாயாலேயே சொல்லிவிடுங்கள். மூன்று இடத்தில் பிரதி.

பழக்கும்போது தாளக்கட்டை வாயால் சொல்லிக் கையால் தட்டுவது முதல், அடுத்தது பாட்டில்லாமல் ஆட்டம், அதன்பின் இருந்தபடி பாட்டு. ஆடிக்கொண்டு பாடுவது கடைசி. மூச்சு அங்கேதான் உடையும், அதற்கென்று பல கிழமை ஒதுக்கவேண்டும்.

போட்டிக்காக 20 நிமிடத்துக்கு வெட்டி, பதிவு இசைக்கு ஆடவைக்கச் சொல்லிக் கேட்பார்கள். முழுக் கூத்தையும் பழகியபின் வெட்டுங்கள். வெட்டியதை மட்டும் பழகிய தலைமுறைக்கு மிச்சம் தெரியாமலே போய்விடும். காலபோக விதைப்பும் மாரியும் சேரும் ஐப்பசி, கார்த்திகையில் ஆள் கூடாது. அறுவடை முடிந்து பங்குனியில் தொடங்கினால் வைகாசியில் வரும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் தாளக்கட்டும் ஆட்டமும் ஓரளவு பிடிபட்டிருக்கும்.

பூங்காவில் மர நிழலில் சின்னப் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை. காயும்போது எல்லாம் வெடிக்கிறது.
— முன்பள்ளி ஆசிரியை, துணுக்காய்

குளத்துக் களிமண் தனியே காய்ந்தால் அதிகம் சுருங்கும். மண்ணைக் கட்டி உடைத்து ஒரு இரவு ஊறவைத்து, கல்லும் வேரும் போக வடித்து, ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மெல்லிய மணல் சேர்த்துப் பிசையுங்கள். விரலில் சுற்றினால் வெடிக்காத பதம் வேண்டும். உருவம் எங்கும் ஒரு விரல் தடிப்பைத் தாண்டக்கூடாது. யானை உடம்பு மாதிரிப் பருத்ததென்றால் உள்ளே குடைந்துவிடுங்கள். காது, வால் போன்றவற்றை ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் கீறி, சேற்றுக் குழம்பு தடவி ஒட்டவேண்டும். வெறுமனே அழுத்தி ஒட்டியது காய்ந்ததும் விழும். ஈரத்துணி போர்த்தி இரண்டு நாள் நிழலில், பிறகு திறந்து நிழலிலேயே ஒரு கிழமை. வெயிலில் வைத்தால் வெளித்தோல் முந்திக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு அங்கிருந்துதான். மண் எடுக்குமுன் கமக்கார அமைப்பிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், குளக்கட்டுப் பக்கம் கைவைக்காதீர்கள். பிள்ளைக்கு அரைக்கிலோ கணக்கில் இரண்டு வாளி எடுத்தாலே ஒரு வகுப்புக்குத் தாராளம்.