யூதப் புத்தாண்டுக்கு முந்தைய மாதத்தில் என்ன செய்கிறார்கள்?

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முன் ஒரு மாதம் மனதைத் தயார்படுத்துகிறார்களாமே, அது தனியாகச் செய்வதா, கூடிச் செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் கூடிச் செய்வதற்கே எடை அதிகம் என்பேன்.

அந்த மாதத்தின் பெயர் எலுல். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அஷ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள்) வழக்கப்படி, சனிக்கிழமை தவிர தினமும் காலைத் தொழுகைக்குப் பின் ஷோஃபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். புத்தாண்டுக்கு முந்தின நாள் மட்டும் ஊதுவதில்லை. அப்புறம் செலிகோத் என்னும் மன்னிப்பு வேண்டல்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செஃபார்டி யூதர்கள் ஏறக்குறைய மாதம் முழுக்க விடியுமுன்னே எழுந்து இவற்றைச் சொல்கிறார்கள். அஷ்கெனாசிகள் கடைசிச் சில நாட்களில்தான் தொடங்குகிறார்கள். இதில் கடவுளின் 13 கருணைப் பண்புகளைச் சொல்லும் பகுதி உண்டு. அதை வேண்டுதலாகச் சொல்ல 10 பேர் கூட வேண்டும்.

சரி, இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சக மனிதருக்குச் செய்த தவறை, அவரைச் சமாதானப்படுத்தாதவரை, புத்தாண்டுக்குப் பின் வரும் பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூரும் தீர்க்காது என்கிறது மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு. நோன்பிருந்தாலும், அழுது தொழுதாலும் போதாது; நேரில் போய்க் கேட்க வேண்டும். அவர் மன்னிக்க மறுத்தால்? நண்பர்கள் மூவரை அழைத்துப் போய்க் கேட்கச் சொல்கிறார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ். அப்படி மூன்று முறை வரை முயல வேண்டும். உண்மையாக வருந்திக் கேட்பவரை மன்னிக்காமல் கல்லாக நிற்பதும் தவறு என்கிறார். அதனால்தான் இந்த வாரங்களில் பேச்சு நின்றுபோன உறவினர்களையும் நண்பர்களையும் தேடிப் போகிறார்கள், தொலைபேசியில் அழைக்கிறார்கள். தர்மம் கொடுப்பதும் இந்த மாதத்தில் கூடுகிறது.