எங்க தொகுதி வேட்பாளரிடம் எதைக் கேட்பது? வீடு, வெள்ளம், சாதி பற்றிய கேள்வி பதில்

சட்டமன்றத் தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் துண்டறிக்கைகளில் மூன்று வாக்குறுதிகள் தவறாமல் இருக்கும்: எல்லோருக்கும் வீடு, காலநிலைப் பாதுகாப்பு, சமூக நீதி. குடியிருப்பு உரிமைக்காக மனு எழுதுவதும், மக்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

ஆவடியிலிருந்து ஒருவர்: "வெற்றி பெற்றால் தொகுதியில் வீடில்லாதவரே இருக்க மாட்டார்கள்" என்று வேட்பாளர் சொல்கிறார். ஒரு எம்.எல்.ஏ.வால் அது முடியுமா?

தனியாக முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்குத் தருவது 3.5 லட்சம். அந்தக் கணக்கில் முழு நிதியையும் வீட்டுக்கே கொடுத்தாலும் 85 வீட்டோடு பணம் தீர்ந்துவிடும். கனவு இல்லம் ஊரகத் திட்டம் என்பதால் மாநகராட்சியில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தவும் செய்யாது.

அவர் கைக்கு எட்டுவது நிலம் சம்பந்தப்பட்ட வேலைதான். 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டப்படி ஒரு பகுதியை அரசு முறையாக அறிவித்துவிட்டால், அங்கே குடியிருப்பவர்களை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகளும் 1985-ல் 17 பகுதிகளும் அப்படி அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு பல ஆண்டுகள் புதிய அறிவிப்பே வரவில்லை. அதனால் "வீடு தருவீர்களா" என்று கேட்காதீர்கள். "இந்த சர்வே எண்ணில் இத்தனை குடும்பம் இருக்கிறது, இதை அறிவிக்கச் சொல்லி சட்டமன்றத்தில் பேசுவீர்களா" என்று கேளுங்கள். சர்வே எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள்.

வாடகைதாரர் ஒருவர்: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். மூன்று மாதம்தான் வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் உச்சவரம்பாகச் சொல்கிறது. ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்" என்ற விலக்கும் அதிலேயே உண்டு. சாவி வேண்டுமென்றால் பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும்? சட்டமன்றம் இயற்றிய சட்டம் இது, திருத்த வேண்டியதும் சட்டமன்றம்தான். அந்த விலக்கை நீக்கக் குரல் கொடுப்பாரா என்று கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறெந்த வாக்குறுதியைவிடவும் இது பெரிது.

பெரும்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா: எங்களைக் கூவம் கரையிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். "பருவநிலை மாறுகிறது, ஆற்றங்கரை ஆபத்து, மறுகுடியமர்வு தொடரும்" என்று ஒரு வேட்பாளர் பேசுகிறார். அவர் சொல்வது சரிதானா?

அக்கா, நீங்கள் கேட்டதில் வீடும் காலநிலையும் சமூக நீதியும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் ஆபத்து இருப்பது உண்மை. 2015 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். கொண்டுபோய்விட்ட இடம் எது என்று பாருங்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். தென்சென்னையின் மழைநீர் வந்து தேங்கும் வடிநிலம் அது. 2022-ல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்தது என்ற அங்கீகாரம், பெற்ற ஈரநிலம். வெள்ளத்துக்குப் பயந்து எடுத்த குடும்பத்தை வெள்ளம் வரும் இடத்திலேயே குடிவைத்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் நின்றுபோனால் முழங்கால் வலி உள்ள பாட்டி கீழே இறங்கி ரேஷன் வாங்க முடியாது. நகருக்குள் வீட்டு வேலைக்குப் போகும் பெண் 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வர வேண்டும். முன்பு நடந்தே போன வேலை அது. கரையில் குடிசை போட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் கூலித் தொழிலாளிகளும். அதே நீர்நிலைகளின் ஓரத்தில் எழுந்த பெரிய கட்டடங்களை யாரும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகவில்லை. காலநிலையின் பெயரால் எடுக்கும் நடவடிக்கை ஏழையின் வாசலில் மட்டும் வந்து நிற்குமானால் அது அநீதி. இதைப் பார்க்க மறுக்கிற வேட்பாளருக்குக் காலநிலைக் கொள்கை என்று ஒன்று இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவரிடம் இதைக் கேளுங்கள்: மாற்று வீடு பழைய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கும்? பள்ளி ஆண்டின் நடுவில் வீட்டை இடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பாரா? தவணை கட்டி முடித்தவர்களுக்குக் கிரயப் பத்திரம் எப்போது? ஒதுக்கீட்டு ஆணையை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் ஏராளம். இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னால் அடுத்ததைப் பேசலாம்.

கல்லூரி மாணவர்: காலநிலை மாற்றம் ஒன்றிய அரசின் விஷயம்தானே? எம்.எல்.ஏ.வுக்கு என்ன வேலை?

நிலம், தண்ணீர், உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் எல்லாம் மாநிலப் பட்டியலில் இருப்பவை, தம்பி. ஏரியை யார் காப்பது, மழைநீர் எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது. 2024-ல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் சாரத்தில் நிற்கிற கட்டடத் தொழிலாளி மயங்கி விழுந்து இறந்தால், அதை வெப்ப மரணம் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? சான்று இல்லாமல் அந்தத் தொகை வராது. நண்பகல் ஓய்வு, நிழல், குடிநீர் ஆகியவற்றைக் கட்டாயமாக்கக் குரல் கொடுப்பாரா என்று கேள்.

எண்ணூரிலிருந்து ஒரு மீனவர்: வேட்பாளர் "வளர்ச்சியும் வேண்டும், சுற்றுச்சூழலும் வேண்டும்" என்கிறார்.

அண்ணா, அந்த வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியாது, அதை வைத்து யாரையும் எடைபோடவும் முடியாது. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததும், 2023 டிசம்பரில் புயல் மழையோடு எண்ணெய் பரவி வலையும் படகும் பாழானதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, மேடைக்கு வந்து பெயரைச் சொல்லி ஆதரவா எதிர்ப்பா என்று பதிவு செய்வாரா? அங்கே பேசுவது பதிவேட்டில் நிற்கும்.

"69 சதவீத இடஒதுக்கீட்டைக் காப்போம்" என்கிறாரே, அது போதாதா?

அதை எதிர்த்து இங்கே யாரும் ஓட்டுக் கேட்க முடியாது. 1994-ல் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் (நீதிமன்றத்தில் கூடுதல் பாதுகாப்புத் தரும் பட்டியல்) ஏறிய சட்டம் அது. பல பேர் போராடிப் பெற்றது, காக்க வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு வேட்பாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. ஓட்டு போய்விடுமோ என்று அவர் தயங்கும் இடத்தில் கேளுங்கள். தொகுதியில் எந்தெந்த ஊரில் இன்னும் தனிச் சுடுகாடு? 1892 முதல் தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இங்கே எத்தனை ஏக்கர், இப்போது யார் அனுபவத்தில்? சாக்கடைக் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் தரவேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, இங்கே அது போய்ச் சேர்ந்ததா? தனித்தொகுதி 46-ல் நிற்பவர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பொதுத்தொகுதி வேட்பாளர்களிடம்தான் இதை அதிகமாகக் கேட்க வேண்டும்.

கட்சிக் கொறடா சொன்னபடிதானே எம்.எல்.ஏ. அவையில் ஓட்டுப் போடுவார்? பிறகு அவர் நிலைப்பாடு எதற்கு?

1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ் கொறடாவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆனால் வினா எழுப்ப, கவன ஈர்ப்புக் கொண்டுவர, அமைச்சர் அவையில் தந்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று உறுதிமொழிக் குழுவில் துருவ வழி உண்டு. மீண்டும் நிற்பவர் என்றால் ஐந்தாண்டில் எத்தனை வினா கேட்டார், எதைப் பற்றி என்று பாருங்கள்.

கடைசிக் கேள்வி, மதுரையிலிருந்து: இதையெல்லாம் எங்கே சரிபார்ப்பது?

வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கும். எல்லோரும் வழக்குகளையும் சொத்து மதிப்பையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நில விவரத்தில் சர்வே எண் இருக்கும், அதைப் படியுங்கள். கண்மாயைக் காப்பேன் என்பவருக்குக் கண்மாய்க் கரையில் மனை இருந்தால், அதைப் பற்றி அவரிடம் நேரிலேயே கேட்கலாம். கட்சித் தேர்தல் அறிக்கை என்றால் பணம் எங்கிருந்து வரும் என்ற பகுதியைத் தேடுங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வகுக்கச் சொன்ன பிறகு, வாக்குறுதிக்கான நிதிவழியைக் கோடிட்டுக் காட்ட வேண்டும் என்பது நடத்தை விதியில் சேர்ந்தது.