கேள்வி பதில்: நெருக்கமான போர்டில் குட்டி ஃபியூஸ்

கேள்வி: மானிட்டர் போர்டில் அரிசியில் பாதிகூட இல்லாத ஃபியூஸ் ஒன்று போய்விட்டது. சுற்றிலும் கபாசிட்டர்கள், ஒட்டினாற்போல ஒரு பிளாஸ்டிக் கனெக்டர். என்னிடம் ஒரே ஒரு சால்டரிங் அயர்ன்தான் இருக்கிறது. ஒரு முனையை உருக்கிவிட்டு அடுத்த முனைக்குப் போவதற்குள் முதல் முனை இறுகிவிடுகிறது. நெம்பி எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து நெம்பாதீர்கள். ஃபியூஸ் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதன் அடியில் இருக்கும் செம்புப் பேட் (ஃபியூஸ் முனை ஒட்டியிருக்கும் சின்னச் செம்புத் தகடு) பெயர்ந்துவிட்டால் மெல்லிய கம்பி வைத்துத் தைக்க வேண்டிய வேலையாகிவிடும். நெம்பும்போது பெரும்பாலும் பெயர்வது பேட்தான். ஏனென்றால் சூட்டில் பேட்டைப் போர்டோடு பிடித்திருக்கும் பசை இளகிப்போயிருக்கும், சால்டரோ அதற்குள் இறுகியிருக்கும்.

இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உருக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒரே அயர்னில் இதைச் செய்ய நல்ல வழி இருக்கிறது. முதலில் மின்சாரத்தை முழுசாகத் துண்டித்து, பேட்டரி இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். சால்டர் நன்றாக ஓட உதவும் பிளக்ஸைத் தாராளமாகத் தடவுங்கள். அப்புறம் புதுச் சால்டரை ஃபியூஸின் இரண்டு முனைகளையும் மூடுகிற மாதிரி ஒரே குமிழாக வையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அயர்ன் முனையைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் சூடாக்கினால் குமிழ் முழுவதும் பளபளவென்று உருகும், ஃபியூஸ் அதில் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ட்வீசரால் லேசாகத் தள்ளினாலே தனியாக வந்துவிடும். வரவில்லையென்றால் இன்னும் உருகவில்லை என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள்.

ஊசி முனையை விடச் சிறிய உளி முனைதான் இதற்கு நல்லது என்பது என் அனுபவம். ஊசி முனை பார்க்க வசதியாகத் தெரியும், சூட்டைக் குறைவாகத்தான் கடத்தும். ஈயம் கலக்காத சால்டர் சுமார் 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும், 63/37 ஈயச் சால்டர் 183-லேயே உருகிவிடும். பழையதோடு இந்த ஈயச் சால்டரைக் கலந்துவிட்டால் வேலை கணிசமாக எளிதாகும். பிஸ்மத் கலந்த கலவை 138 டிகிரியிலேயே இளகும். ஆனால் அது உடையக்கூடியது, எடுத்து முடித்ததும் விக் (சால்டரை உறிஞ்சும் செம்புக் கம்பிப் பின்னல்) வைத்து அதைச் சுத்தமாக உறிஞ்சிவிட வேண்டும். பக்கத்துக் கனெக்டருக்குக் சூடு தாங்கும் காப்டான் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனை அகலமான கிரவுண்ட் செம்போடு சேர்ந்திருந்தால் அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள்.

புதியதை வைப்பது சுலபம். பேட்களை விக்கால் சமமாக்கி, ஒரு பேடில் மட்டும் துளி சால்டர் வைத்து, அதை உருக்கியபடியே ஃபியூஸை ட்வீசரால் நகர்த்தி உட்கார வையுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த முனை. கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். நெருக்கமான போர்டில் ஓடிப்போன ஒரு சின்னச் சால்டர் உருண்டை இரண்டு கால்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும்.

கேள்வி: போனது 2 ஆம்பியர். கையில் 3 ஆம்பியர்தான் இருக்கிறது. போடலாமா? சோதனைக்குக் கம்பியால் இணைத்துப் பார்க்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஃபியூஸ் நின்ற இடத்தில் கம்பி நின்றால் அடுத்து எரிவது போர்டின் செம்புத் தடமாக (டிராக்) இருக்கலாம். ஆம்பியர், வேகமாக எரிவதா தாமதமாக எரிவதா என்கிற வகை, அளவு மூன்றும் பழையதைப் போலவே இருக்க வேண்டும், வோல்ட் குறையக் கூடாது. அளவில் ஒரு குழப்பம் உண்டு: அங்குலக் கணக்கில் 0603 என்கிற அளவுக் குறியீடு என்றால் 1.6க்கு 0.8 மில்லிமீட்டர், மெட்ரிக் கணக்கில் அதே 0603 என்பது 0.6க்கு 0.3 மில்லிமீட்டர். வாங்குவதற்கு முன் மில்லிமீட்டரில் சரிபாருங்கள்.

அதற்கும் முன்னால், ஏன் போனது என்று பாருங்கள். மின்சாரம் இல்லாத நிலையில், ஃபியூஸுக்குப் பிறகு வரும் பேடுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டிக்கொண்டே நின்றால் அங்கே ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். விரிசல் விட்ட பீங்கான் கபாசிட்டர் அடிக்கடி இந்த வேலையைச் செய்யும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. ஃபியூஸ் எது?

பதில்: போர்டில் பக்கத்தில் F என்று அச்சடித்து ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். FB என்றிருந்தால் பெரும்பாலும் அது ஃபெரைட் பீட் (மின் இரைச்சலைத் தடுக்கும் பாகம்), முதுகில் 0 அல்லது 000 என்றிருந்தால் பூஜ்ய ஓம் ரெசிஸ்டர். நல்ல ஃபியூஸ் மல்டிமீட்டரில் பீப் அடிக்கும். பீப் வராமல் சில நூறு ஓம் காட்டினால் ஃபியூஸ் பாதி நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது போய்விட்டது. நீங்கள் பார்ப்பது போர்டின் மற்ற பாகங்கள் வழியாகச் சுற்றி வரும் அளவு.